பாஸ்போர்ட்டில் இருக்கும் மச்சம்

திருநள்ளாறு போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் அக்காளும் தங்கையும் உட்கார்ந்திருந்தார்கள். தங்கை மடியில் கைக்குழந்தை.

“மச்சத்தக் காணுமேன்னு ஏர்போர்ட்டுல கேட்டா என்னக்கா சொல்றது?”

“எந்த மச்சம்டி?”

“பாப்பா பாஸ்போர்ட்டுல போட்டுருக்கே, இடது கன்னத்துல கருப்பு மச்சம்னு. குவைத்துல அவருதான் எழுதிக் குடுத்தாரு. இங்க வந்துதான் நான் பாத்தேன்.”

அக்காள் குழந்தையின் முகத்தைத் திருப்பினாள். மைப்பொட்டு வலது கன்னத்தில் இருந்தது.

“அடிப்பாவி, இது திருஷ்டிப் பொட்டு. நாந்தானே காலையில வச்சேன்.”

“அங்கயும் தெனம் நான் இடது கன்னத்துல வப்பேன். போட்டோவுலயும் இருக்கு. அவருக்கு வேலை பாலைவனத்துல. வாரத்துக்கு ஒரு ராத்திரிதான் வருவாரு, விடியறதுக்குள்ள கெளம்பிடுவாரு.”

“சரி, இடது பக்கம் வச்சே தூக்கிட்டுப் போ.”

“தொடச்சுப் பாத்தா?”

“தொடச்சா… வேற புள்ளைன்னு சொல்லிடுவாங்களா?”

“அதாங்க்கா எனக்கும் புரியல.”

“அவருகிட்ட சொன்னியா?”

“நேத்து போன்ல சொன்னேன். அதுக்கு, ‘மச்சம் இல்லாம எம்புள்ள எப்புடி இருக்கும்?’னு கேக்குறாரு.”