ஆளில்லாத கடவை

எங்கள் ஊர் மருதமுனைக்கு ரெயில் கிடையாது. தண்டவாளம் மட்டக்களப்போடு முடிந்துவிடும். அதற்குத் தெற்கே கல்முனைக்கோ பொத்துவிலுக்கோ போகிறவர் எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் பஸ்தான். அதனால்தானோ என்னவோ, சின்ன வயதிலிருந்தே எனக்கு ரெயில் என்றால் பைத்தியம்.

என் தொழில் பொய்ப்பல் செய்வது. கல்முனையில் ஒரு பல் வைத்தியரின் அறைக்குப் பின்னால் எனக்கு ஒரு மேசை இருக்கிறது. வெற்றிலைக் காவி ஏறிய வாய்க்குள் பளிச்சென்று ஒரு பல்லை வைத்தால் ஊரே சிரிக்கும். அதற்கும் அளவாகக் காவி ஏற்ற வேண்டும். ஒரு பொருள் அசலாகத் தெரிய வேண்டுமென்றால் அழுக்கைச் சரியான இடத்தில் வைக்க வேண்டும் என்பதை அங்கேதான் படித்தேன். அதே கையோடு மருதமுனை வீட்டின் மேல்மாடியில் ஒரு ரெயில் பாதை கட்டினேன். தண்டவாளமும் எஞ்சினும் பார்சலில் வந்தவை. மலையும் பாலமும் பல் அச்செடுக்கும் பிளாஸ்டர். புல்லெல்லாம் மாமாவின் தறியில் விழுந்த நூல் கழிவு, பச்சைச் சாயம் போட்டு நறுக்கியது.

வீடு என்றால் என் மனைவி ஸம்றாவின் வீடு. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். மாப்பிள்ளை அங்கே போய் இருப்பான். ஸம்றாவின் தகப்பனார், என் மாமா அச்சிமுகம்மதுவின் நெசவு வருமானம் சோற்றுக்குத்தான் காணும். அந்த வீட்டின் ஒவ்வொரு கல்லும் ஸம்றாவின் தம்பி அப்ராஸ் கட்டார் வெயிலில் நின்று அனுப்பியது. திரும்பி வந்து தனக்கென்று வாங்கியது ஒரு மோட்டார் சைக்கிள் மட்டும். மேல்மாடி அறையை மச்சான் ரெயில் விடட்டும் என்று எனக்கு விட்டுக்கொடுத்தவனும் அவன்தான்.

பாதையைத் துண்டு துண்டாகக் கழற்றலாம். ஒரு துண்டைத் தூக்கி வெளியே மொட்டைமாடிச் சிலாப்பில் வைத்துக் காலை வெயிலில் படம் எடுப்பேன். மின்விளக்குகள் இரண்டு நிழல் விழுத்திக் காட்டிக்கொடுத்துவிடும். சூரியனுக்கு ஒரு நிழல்தான். கமராவை அந்தச் சின்ன உலகத்து மனிதனின் கண் உயரத்துக்கு இறக்க வேண்டும். பின்னால் உண்மையான வானம். அவ்வளவுதான் வித்தை. முகநூலில் போட்டால் இது எந்த ஸ்டேசன் என்று கேட்பார்கள்.

ஆனால் என் படங்களில் மனிதர்கள் இருக்கமாட்டார்கள். உருவம் இருக்கும் வீட்டுக்குள் வானவர்களான மலக்குகள் வரமாட்டார்கள் என்று ஸம்றா ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டாள். எனக்கும் அதில் மறுப்பில்லை. ஒரு காகம்கூட வைத்ததில்லை. பொய்ப்பல் பர்ஹானின் ரெயிலில் ஏறினால் டிக்கெட் கேட்கவும் ஆளில்லை என்று ஊரில் கேலி செய்வார்கள். படத்தில் ஆள் இல்லையென்றால் அது என்னுடையது. அது எல்லோருக்கும் தெரியும்.

கடைசியாக நான் கட்டியது மட்டக்களப்புக்கு வடக்கே உள்ள ஒரு சிறிய ரெயில் கடவை. பாதையின் குறுக்கே இறக்கும் ஒரு மூங்கில், அதை இழுக்கும் கயிறு, பக்கத்தில் தகரக் கொட்டில். அங்கே கேற் பார்த்தவர் குணம். அளவெடுக்கப் போகும்போதெல்லாம் எனக்கும் அப்ராஸுக்கும் பிளேன்டீ தருவார். தன்னுடைய கொட்டிலையும் செய்வீர்களா என்று ஒருமுறை கூச்சத்தோடு கேட்டார். செய்தேன். கூரைத் தகரத்தின் துரு வரைக்கும் செய்தேன்.

விபத்தைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். ரெயில் வரும்போது கேற் திறந்து கிடந்தது, காவல்காரர் நித்திரை, மோட்டார் சைக்கிளை ஓட்டி வந்த இளைஞன் அந்த இடத்திலேயே மௌத்து, பின்னால் இருந்த மச்சான் தூக்கி எறியப்பட்டுத் தப்பினார். இப்படித்தான் சொன்னார்கள். அந்த மச்சான் நான். மோதிய வேகத்தில் பறந்த வண்டி பட்டு மூங்கிலும் சிதறிப்போனதால், அது மேலே இருந்ததா கீழே இருந்ததா என்று பிறகு பார்த்துச் சொல்ல வழியில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் மாமா என் தோளைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "பர்ஹான், கேற் பூட்டியா மனே கெடந்த?"

"இல்ல மாமா. தொறந்துதான் கெடந்த."

பொய் சொல்ல வேண்டுமென்று நான் யோசிக்கவில்லை. வாய் சொல்லிவிட்டது. ஆனால் குணம் கேற்றைப் போட்டுத்தான் இருந்தேன் என்று சத்தியம் செய்தார். எங்களைப் பார்த்துக் கத்தியதாகவும் சொன்னார். அந்தக் கதை மருதமுனைக்கும் வந்து சேர்ந்தது. ஒருநாள் ஸம்றா சோற்றைப் போட்டு வைத்துவிட்டு, அந்த ஆள் சொல்வது உண்மையா என்று கேட்டாள். அவள் தம்பி கட்டிய வீட்டில், அவள் தம்பி வாங்கிப் போட்ட மேசையில் இருந்துகொண்டு நான் அந்தச் சோற்றைப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால் அவளும் இல்லை, வீடும் இல்லை. கிட்ட வரும்போது போனில் ஒரு படம் எடுத்தேன், அதைப் பார்க்க மனம் வரவில்லை, தேடித் தருகிறேன் என்றேன்.

அடுத்த நாள் பல் மெழுகில் ஒரு மனிதனைச் செய்தேன். வாழ்க்கையில் நான் செய்த முதல் மனிதன். இடுப்பில் சாரம் உடுத்து, கொட்டில் வாசலில் குந்தியிருந்து, தலை தொங்கி நாடி நெஞ்சில் விழுந்த ஒரு மனிதன். முகம் செய்யத் தேவைப்படவில்லை. நித்திரையில் அது கீழே குனிந்துவிடும். மூங்கிலை உயர்த்தி வைத்தேன். எஞ்சினைத் தூரத்து வளைவில் நிறுத்தினேன். ஓடும் மோட்டார் சைக்கிளிலிருந்து எடுத்ததுபோல் போனைக் கொஞ்சம் சரித்து, கொஞ்சம் நடுக்கி எடுத்தேன். மிச்ச வேலையை வட்ஸ்அப் பார்த்துக்கொண்டது. அது எந்தப் படத்தையும் தேய்த்துத்தான் அனுப்பும்.

ஸம்றா அதைப் பார்த்துவிட்டு அழுதாள். பிறகு தன் உறவினர்களுக்கு அனுப்பினாள். ஊர் முழுக்கச் சுற்றியது. என் ரெயில் படங்களை வருடக்கணக்காகப் பார்த்தவர்கள்தான் எல்லோரும். ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. படத்தில்தான் ஆள் இருக்கிறதே.

மெழுகு மனிதனை அன்றைக்கே உருக்கிவிட்டேன். உருவத்தை வீட்டில் வைத்திருக்க எனக்கு விருப்பமில்லை.

நடந்தது இதுதான். கேற் பூட்டிக் கிடந்தது. மூங்கிலுக்கும் பாதையோரப் பற்றைச் செடிகளுக்கும் நடுவே ஒரு மோட்டார் சைக்கிள் நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தது. மறுபக்கம் போனால் வெயில் எனக்குப் பின்னால் விழும், எஞ்சினின் முகம் படத்தில் நன்றாக வரும். அப்ராஸ் நிறுத்தினான். "கோச்சி வருகுது மச்சான், அந்தாளும் கத்துறாரு" என்றான். வளைத்துப் போடா, நேரம் இருக்கிறது என்றேன். அவன் என் சொல்லைத் தட்டியதில்லை. முன்சில்லு தண்டவாளத்துக் கல்லில் சிக்கியது. நான் கமராவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு குதித்தேன். என்னை யாரும் தூக்கி எறியவில்லை. அவன் வண்டியை விடாமல் தள்ளிக்கொண்டிருந்தான். கட்டாரிலிருந்து வந்து வாங்கிய ஒரே பொருள் அல்லவா. ஒரு கையால் அவன் சட்டையைப் பிடித்து இழுத்திருக்கலாம். இரண்டு கையிலும் கமரா இருந்தது.

இதை நினைக்காமல் நான் ஒரு வாய் சோறு தின்றதில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். என் நெஞ்சு எரிகிறது.

நாற்பதாம் நாள் குர்ஆன் ஓதும் கத்தத்துக்கு, யாரும் கூப்பிடாமலே, குணம் வந்தார். வேலை போயிருந்தது, வழக்கு இருந்தது, ஆள் பாதியாகியிருந்தார். சண்டை பிடிக்க வந்திருக்கிறார் என்று நான் கதவோரம் ஒதுங்கினேன். அவர் நேரே போய் மாமாவின் முன்னால் நின்றார்.

"காக்கா, கேற்றப் போட்டுத்தான் இருந்தன் எண்டு எண்ட மனசு சொல்லிக்கிட்டே இருந்திச்சு. பர்ஹான் தம்பிர படத்தப் பாத்த பிறகுதான் விளங்கின. மாத்த வாற ஆள் வராம ராப்பகலா ரெண்டு பேர்ர வேலையப் பாத்த நான். நித்திரையாகிப் போயிட்டன். கேற்றப் போட்டதும், இவங்களப் பாத்துக் கத்தினதும், நித்திரையில கண்ட கனவாக்கும்."

கோட்டில் குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போவதாகவும் சொன்னார். பொய்ச் சத்தியம் செய்துவிட்டேன், அதற்கும் மன்னிக்க வேண்டும் என்றார். மாமா அவருடைய கையைப் பிடித்துப் பக்கத்தில் இருத்தினார். ஸம்றா ஒரு பிளேட்டில் சோறு கொண்டுவந்து வைத்தாள்.

சாப்பிடுவதற்கு முன் குணம் என்னிடம் வந்தார். கயிறு இழுத்துக் காய்த்துப்போன இரண்டு கையையும் நீட்டினார். "நீங்களும் மன்னிக்கணும் தம்பி. உங்களையும் சாகக் குடுத்திருப்பன்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்த நேரத்தில் ஒரு சொல் போதும் என்று எனக்குத் தெரியும். அந்தச் சொல் தொண்டை வரைக்கும் வந்தது என்பதற்கு அல்லாஹ் சாட்சி. ஆனால் மௌத்து வீட்டில், மன்னிப்புக் கேட்டு வந்த மனிதரை வெறுங்கையோடு அனுப்புவது எங்கள் வழக்கமில்லை.

"மன்னிச்சிட்டன் அண்ணன்" என்றேன்.

போன வாரம் குணத்துக்குச் சிறைத்தண்டனை விதித்தார்கள். எனக்கு அவர்மேல் இப்போது எந்தக் கோபமும் இல்லை.