வழியனுப்பப் போனவள்

காட்பாடியிலிருந்து ஆம்பூர் போகும் பாசஞ்சரில் எனக்கு எதிரே ஒரு அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டே இருந்தாள். பக்கத்தில் பெரிய மீசைக்காரர், மடியில் தகரப் பெட்டியோடு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னாக்கா சிரிப்பு? யாரையாவது வழியனுப்பிட்டு வர்றீங்களா?” என்று கேட்டாள், தோல் கிடங்கு வாசனையோடு ஏறியிருந்த ஒருத்தி.

“இவரைத்தாம்மா!”

எல்லாரும் திரும்பிப் பார்த்தோம்.

“பட்டாளத்துல சுபேதாரு. வருசா வருசம் ரெண்டு மாசம் லீவுல வருவாரு. அது முடிஞ்சா நான் முறுக்கு சுட்டு, பெட்டி கட்டி, காட்பாடி வரைக்கும் வந்து ரயிலேத்தி விட்டுட்டு அழுதுனே போவேன். இன்னிக்கும் அப்படியே வந்துட்டோம். டிக்கெட் குடுக்கறவரு ‘பட்டாளத்துப் பாஸ் எங்கே’ன்னு கேட்டப்பதான், இந்தவாட்டி பென்ஷன்ல வந்துட்டாருன்னு ரெண்டு பேருக்கும் ஞாபகம் வருது!”

“ஐயோ, அழுதுட்டீங்களா?”

“ஆம்பூர்லயே ஆரம்பிச்சிட்டேனே!”

வண்டியே சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் அவள் கணவர் பக்கம் சாய்ந்து கேட்டாள்: “ரெண்டு மாசத்துக்கு மேல உங்களோட எப்படிக் குடும்பம் நடத்தறதுன்னு எனக்குத் தெரியாதே. இன்னா பண்றது?”

சுபேதார் தகரப் பெட்டியைத் திறந்தார்.

“எனக்கும்தான் தெரியாது. மொதல்ல நீ ஒரு முறுக்கு தின்னு.”