நெருப்புப் படாத இணைப்பு: தி. தியாகலிங்கம் அவர்களுக்குப் பணி ஓய்வுப் பாராட்டு மடல்

வல்வை மண் தந்த வல்லவரே! வடகரைக் கடற்றொழிலாளர் கூட்டுறவுக் குளிர்களஞ்சியத்தின் முதன்மைத் தொழில்நுட்பரே! காயும் வெயிலிலும் கடலவர் கொணர்ந்த மீனைக் கெடாது காத்த கடமைச் செம்மலே! இருபத்திரண்டு ஆண்டுகள் இயந்திர இரைச்சலின் இடையே இருந்து, எம் இளைப்பைத் தம் இளைப்பாய் எண்ணிய ஏந்தலே! மயிலிட்டிக் கரையில், தாங்கள் கண்ணும் கருத்துமாய்க் காத்த இக்கட்டடத்தின் முற்றத்தில், மாலையிட்டுத் தங்களை அமர்த்தி, மகிழ்ச்சியின்றி வாழ்த்த நிற்கிறோம். ஓய்வு பெறும் வயதுக்கு மூன்று ஆண்டுகள் முன்பாக, வைத்திய சபையின் கடிதத்தோடு ஒருவர் விடைபெறும்போது மகிழ்ச்சி எங்கிருந்து வரும்?

கடமையின் காவலரே!

இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு வல்வெட்டித்துறை ஐஸ் ஆலையில் எண்ணெய் படிந்த சட்டையோடு தொடங்கிய தங்கள் பணி, பதினைந்து ஆண்டுகள் அங்கே தொடர்ந்து, மயிலிட்டித் துறை மீண்டும் எங்கள் கைக்கு வந்த பின் இங்கே நிலைகொண்டது. இங்குள்ள நான்கு குளிரறைகளின் குழாய்களில் தங்கள் விரல் படாத குழாய் ஒன்றில்லை. மின்சாரம் நின்ற நாட்களில் ஜெனரேற்றருக்குப் பக்கத்தில் சாக்கை விரித்துப் படுத்தீர்கள். கொம்பிறசரின் சத்தம் சற்று மாறினாலும் சோற்றுப் பொட்டலத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்து ஓடினீர்கள்.

சுடுசொல் அறியாதவர் என்று எழுதுவது இத்தகைய மடல்களின் வழக்கம். அப்படி எழுதினால் இங்கே இருப்பவர்கள் சிரித்துவிடுவார்கள். குளிரறைக் கதவை ஒரு நிமிடம் கூடுதலாகத் திறந்து வைத்தவர் எவராயினும், இயக்குநரே ஆயினும், "உதென்ன கோயில் வாசலோ, திறந்துபோட்டு நிக்கிறியள்?" என்று தாங்கள் இடும் முழக்கம் படகு கட்டும் ஜெற்றி வரை கேட்கும். அந்த முழக்கம் ஓய்ந்து இருபது மாதங்களாகின்றன. இப்போது கதவுகள் திறந்தபடிதான் கிடக்கின்றன.

புதுமைக்கு அஞ்சாத புலமையே!

எரிவாயுச் சிலிண்டருக்காக நாடே வரிசையில் நின்ற இரண்டாயிரத்து இருபத்திரண்டாம் ஆண்டில், குழாய் பற்றவைக்கக் காஸ் இன்றி நாங்கள் கைகட்டி நின்ற வேளையில், அழுத்தி இணைக்கும் பிறஸ் மெசின் ஒன்றைக் கொழும்பிலிருந்து தருவிக்கும்படி கேட்டு இயக்குநர் சபையின் படிகளை ஏழு தடவை ஏறி இறங்கினீர்கள். காஸ் தட்டுப்பாடு தங்களுக்கு ஒரு சாட்டு மட்டுமே என்பதைப் பின்னரே அறிந்தோம். குளிரறைகளின் கூரைக்கு மேலே, ஆள் தவழ்ந்து மட்டுமே போகக்கூடிய இடுக்கில், எளிதில் பற்றிக்கொள்ளும் நுரைப்பலகைகளுக்கு நடுவே, எரியும் சுவாலையைக் கையில் பிடித்துக்கொண்டு வேலை செய்வது எத்தனை ஆபத்து என்பதைத் தாங்கள் மட்டுமே வாய்விட்டுச் சொன்னீர்கள்.

மெசின் வந்த அன்று பட்டறையில் எங்களைக் கூட்டி வைத்துச் செய்து காட்டினீர்கள். செப்புக் குழாயின் நுனியைத் தேய்த்துச் சுத்தமாக்கி, எவ்வளவு ஆழம் போகவேண்டும் என்று பேனையால் கோடு போட்டு, உள்ளே றப்பர் வளையம் வைத்த பொருத்திக்குள் அதைச் செருகி, மெசினின் தாடையால் கவ்விப் பிடித்து, ஐந்து எண்ணுவதற்குள் இறுக்கி முடித்தீர்கள். நெருப்பில்லை, புகையில்லை, வேலைக்காகக் குளிரறையை வெறுமையாக்க வேண்டிய தேவையுமில்லை. "ஆருக்கும் ஒண்டு நடந்தால் உங்கடை பெண்டுபிள்ளையளுக்கு என்னாலை பதில் சொல்லேலாது. இனி ஒருத்தரும் நெருப்போடை மேலை ஏறக்கூடாது" என்றீர்கள்.

நாங்கள் தலையாட்டினோம். வெளியே வந்ததும் சிரித்தோம். நெருப்புப் படாத இணைப்பும் ஓர் இணைப்பா என்று முதலில் கேட்டவன், இம்மடலை எழுதி இப்போது வாசிக்கும் சிமியோன். பற்றவைப்பில் தன்னை மிஞ்ச இந்தக் கரையில் ஆளில்லை என்ற எண்ணம் தலைக்கேறியவன்.

இதுவரை பாராட்டு மடலுக்குரிய முறைப்படி நாங்கள் என்று எழுதினேன். இனி வருவதையும் அப்படி எழுதினால் அது மற்றப் பதினேழு ஊழியருக்கும் செய்யும் அநியாயம். ஆகவே நான் என்று எழுதுகிறேன். தாங்கள் என்றும் இனி எழுத வரவில்லை, தியாகண்ணை.

குற்றமற்றவரே!

பாராட்டு மடல்களில் இந்த விளி அழகுக்காக இடப்படுவது. நான் இதைச் சாட்சியமாக எழுதுகிறேன்.

அந்த ஆவணியில் நீங்கள் நாற்பத்திரண்டு இணைப்புகளை மெசினால் இறுக்கினீர்கள். குழாய்களில் நைதரசன் நிரப்பி, ஒரு முழுநாள் அழுத்தமானியின் முள் அசையாமல் நின்றதைப் பார்த்த பிறகே, அவற்றுக்குக் குளிர் காக்கும் கறுப்புப் பஞ்சு சுற்றும் வேலையை என்னிடம் தந்துவிட்டுச் சாப்பிடப் போனீர்கள். இரண்டாம் குளிரறையிலிருந்து திரும்பி வரும் பெரிய குழாயின் இணைப்பைப் பார்த்தேன். மனம் ஒப்பவில்லை. இத்தனை பெரிய குழாயை வெறும் இறுக்கலா தாங்கப்போகிறது என்று நினைத்தேன். சிலிண்டரில் மிஞ்சியிருந்த காஸைக் கொண்டுவந்து, பொருத்தியின் வாயைச் சுற்றி ஒரு வளையம் பற்றவைத்தேன். கெடுக்க நினைக்கவில்லை, அண்ணை. உங்களுக்குத் தெரியாமல் உங்கள் வேலைக்கு ஒரு காவல் போட்டுவிட்டேன் என்று பெருமைப்பட்டேன். உள்ளே இருந்த றப்பர் வளையம் அந்தச் சூட்டில் கருகும் என்று ஒரு கணமும் யோசிக்கவில்லை. அதன் மேலே பஞ்சைச் சுற்றிவிட்டு இறங்கினேன்.

அதிலிருந்து பத்தொன்பதாம் நாள், ஒரு சனிக்கிழமை, கொம்பிறசரின் அதிர்வில் நான் போட்ட அந்தப் பற்றவைப்பு வளையம் வெடிப்பு விட்டது. காக்க வேண்டிய றப்பர் உள்ளே இல்லை. குளிரூட்டும் காஸ் முழுவதும் போய்விட்டது. மின்விசிறிகள் ஓடிக்கொண்டே இருந்ததால் காவலாளிக்கு ஒன்றும் தெரியவில்லை. திங்கள் காலை கதவைத் திறந்தபோது பதினொரு படகுகளின் மீன் நாறிக் கிடந்தது.

கரையோரம் கிடங்கு வெட்டிப் புதைத்தோம். படகுச் சொந்தக்காரர்களான சம்மாட்டிமார் சுற்றி நின்றார்கள். அவர்களில் ஒருவர் செல்வநாயகம் சம்மாட்டியார், உங்கள் மனைவி மீனாம்பிகை அக்காவின் கூடப்பிறந்த அண்ணன். எல்லோருக்கும் முன்னால் அவர் உங்களைக் கேட்டார்: "மச்சான் எண்டு நம்பி விட்டனான். உம்மடை மிசினைப் பரீட்சிச்சுப் பாக்க எங்கடை வயிறோ கிடைச்சது?" நீங்கள் தலையைக் குனிந்துகொண்டீர்கள். நான் பத்தடி தள்ளி மண்வெட்டியோடு நின்றேன்.

விசாரணைக் குழுவின் முன் என்னைக் கேட்டபோது, "நான் பஞ்சு மட்டுந்தான் சுத்தினனான்" என்று வாய் கூசாமல் சொன்னேன். உங்களைக் கேட்டபோது, "என்ரை மேற்பார்வையிலை நடந்த வேலை. பொறுப்பு என்ரை" என்றீர்கள். பழக்கமில்லாத இணைப்பு முறையைப் புகுத்திய முதன்மைத் தொழில்நுட்பரின் கவனக்குறைவே காரணம் என்று அறிக்கை வந்தது. ஊழியர் எல்லோரும் அதில் ஒப்பமிட்டோம். என் கையெழுத்து மூன்றாவதாக இருக்கிறது. மற்ற நாற்பத்தொரு இணைப்புகளும் அன்றும் கசியவில்லை, இன்றும் கசியவில்லை. அதை மட்டும் ஒருவரும் அறிக்கையில் எழுதவில்லை. பிறஸ் மெசினை அலுமாரியில் வைத்துப் பூட்டித் திறப்பை அலுவலகத்தில் கொடுத்தார்கள். நாங்கள் மறுபடியும் நெருப்போடு மேலே ஏறினோம்.

சென்ற ஆண்டு மாசியில் மூன்றாம் குளிரறைக் குழாய் வெடித்த அன்று எனக்கு விடுப்பு. குருநகரில் தங்கையின் பிள்ளைக்கு ஞானஸ்நானம். வேறு ஆளில்லாததால் நீங்களே அந்த இடுக்குக்குள் தவழ்ந்து போனீர்கள். அடைத்துவிட்ட வால்வு சரியாகப் பிடிக்கவில்லை. குழாய்க்குள் மிஞ்சியிருந்த குளிரூட்டும் காஸ் சுவாலையில் பட்டு நஞ்சுப் புகையானது. காற்றோட்டமில்லாத அந்த இடத்திலிருந்து பின்னுக்குத் தவழ்ந்து வெளியே வருவதற்குள் உங்கள் நெஞ்சு வெந்துவிட்டது. நெருப்பே தேவைப்படாத மெசின் கீழே அலுமாரியில் கிடந்தது. அதைப் பூட்டவைத்தது என் பொய். நான் ஞானஸ்நான விருந்தில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தொலைபேசியில் செய்தி வந்தது. இரண்டு கிழமை ஆஸ்பத்திரிக்கு வந்து உங்கள் கட்டிலருகே இருந்தேன். அப்போதும் சொல்லவில்லை.

இம்மடலை எழுதும் பொறுப்பை அலுவலகத்துத் தனுஷா என்னிடம் தந்தார். தேவாலயப் பங்கு மலருக்குக் கட்டுரை எழுதுகிறவன், நன்றாக எழுதுவேன் என்று நினைத்தார். முதற்படியில் உங்களைப் பிழையறியாப் பெருந்தகை என்று எழுதினேன். மோனைக்காக வந்த சொல். எழுதிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த வரி வரவில்லை.

கடந்த வியாழன் பின்னேரம் வல்வெட்டித்துறையில் உங்கள் வீட்டுக்கு வந்தேன். கதவைத் திறந்த நீங்கள் திரும்பிக் கதிரைக்குப் போய்ச் சேர்வதற்குள் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினீர்கள். எல்லாவற்றையும் சொன்னேன். நீங்கள் ஆச்சரியப்படவில்லை.

"தெரியுமடா சிமியோன். அந்தத் திங்கள் காலமையே ஜொயின்றை வெட்டி எடுத்தது நான்தானே. உள்ளுக்கை றப்பர் கரியாக் கிடந்தது. மேலை போட்டது உன்ரை கைவேலை எண்டு பாத்த உடனை தெரிஞ்சுது."

"பின்னை ஏன் அண்ணை சொல்லேல்லை?"

"நீயாச் சொல்லுவாய் எண்டு இருந்தனான். முதல் ஒரு கிழமை பாத்தன். பிறகு ஒரு மாசம் பாத்தன். அதுக்குப் பிறகு கேக்க வெக்கமாப் போச்சு. மிசினைப் பூட்டேக்கையாவது நான் வாய் திறந்திருக்கவேணும். அது என்ரை பிழை."

வெட்கப்பட வேண்டியவன் நான். வெட்கப்பட்டவர் நீங்கள்.

தேத்தண்ணியோடு வந்த மீனாம்பிகை அக்கா அறைவாசலில் நின்றார். அவருக்கு அதுவரை ஒன்றும் தெரியாது. தட்டத்தை மேசையில் வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்: "என்ரை தாரிகாவின்ரை கலியாணத்துக்குத் தாய்மாமன் வரேல்லை. அவர் நிக்கவேண்டிய இடத்திலை ஆரோ தூரத்துச் சொந்தக்காரர் நிண்டவர். பிள்ளை மணவறையிலை இருந்து வாசலையே பாத்துக்கொண்டிருந்தவள். உதை எனக்குச் சொல்லி என்ன பிரயோசனம்? அண்ணை இருக்கிற சபையிலை சொல்லு. எனக்கு உன்ரை மன்னிப்பு வேண்டாம் தம்பி. எனக்கு என்ரை அண்ணை வேணும்."

வெள்ளிக்கிழமை இதுவரை எழுதியதைப் பட்டறையில் மற்றவர்களுக்கு வாசித்தேன். எல்லோரும், சிலர் என் முகத்தைப் பார்க்காமலே, வந்து கையெழுத்திட்டார்கள். இன்று காலை என் வாக்குமூலத்தை எழுத்தில் இயக்குநர் சபையிடம் கொடுத்துவிட்டேன். அறிக்கையைத் திருத்தவும், மெசினை அலுமாரியிலிருந்து எடுக்கவும், என்னைத் தண்டிக்கவும் அவர்களைக் கேட்டிருக்கிறேன். மூன்றில் எதைச் செய்வார்களோ தெரியாது.

செல்வநாயகம் சம்மாட்டியாரே!

விழா மடலில் இன்னொருவரை விளிப்பது முறையல்ல. இன்று மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள். இயக்குநர் என்ற முறையில் முன்வரிசையில் இருக்கிறீர்கள். எந்தக் கூட்டத்துக்கு வந்தாலும் நீங்களும் உங்கள் மச்சானும் ஒருவரை ஒருவர் பார்ப்பதில்லை என்பதை நாங்கள் எல்லோரும் கண்டிருக்கிறோம். உங்கள் மீனைக் கெடுத்தது அவருடைய மெசின் அல்ல. நான். அந்த நட்டத்தை ஈடுகட்ட உங்கள் படகொன்று விலைபோனதும் என்னால். அவர் அன்று கிடங்கோரத்தில் தலை குனிந்து நின்றது குற்றத்தால் என்று நினைத்தீர்கள். என்னைக் காட்டிக்கொடுக்காமல் நின்றார். மூன்று ஆண்டுகளாக நீங்கள் அவர்மேல் வைத்திருக்கும் கோபம் எனக்கு உரியது. அதை என்னிடம் தந்துவிடுங்கள்.

பெருமதிப்புக்குரிய தியாகண்ணை!

நோயற்ற வாழ்வோடு நூறாண்டு வாழ்க என்று முடிப்பது இம்மடல்களின் மரபு. பத்தடி நடக்க மூச்சு வாங்கும் உங்களைப் பார்த்து அதை எழுதக் கை கூசுகிறது. ஆகவே ஒன்றை மட்டும் வேண்டுகிறேன். வரும் தைப்பொங்கலன்று மீனாம்பிகை அக்காவின் வாசலில் அவருடைய அண்ணன் செருப்பைக் கழற்றட்டும். தாரிகா தன் கணவனோடு வந்து மாமனின் காலில் விழட்டும். அதைப் பார்க்கும் அளவுக்கு உங்களுக்கு நல்ல மூச்சு இருக்கட்டும். அது நடந்தால் இறைவனுக்கு நன்றி சொல்லுங்கள். நடக்காவிட்டால் அதற்கும் காரணம் நான்தான்.

இங்ஙனம்,

செய்ததை மறைத்த சிமியோன்

மற்றும்

அறியாமல் அன்று உங்கள் பழியில் ஒப்பமிட்டு, அறிந்து இன்று இதில் ஒப்பமிடும் ஊழியர் பதினேழு பேர்,
வடகரைக் கடற்றொழிலாளர் கூட்டுறவுக் குளிர்களஞ்சியம், மயிலிட்டி.