இரண்டாவது குழாய்

பெயர் ரஸ்ஸல் ஹால்வர்சன், வயது 58, மின்னசோட்டா மாநிலம் டுலூத் நகரம் கிழக்கு ஏழாம் தெரு 2214ஆம் எண் வீட்டில் குடியிருந்து வருகிறேன். கொதிகலன் பழுதுபார்க்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன். இவ்வூர் பவள மீன்தொட்டிச் சங்கத்தில் பதினேழு வருடமாக இருக்கிறேன். தொட்டிக்குக் குழாய் போட வேண்டுமென்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள், அதில் எனக்குக் கர்வம் உண்டு. ஏப்ரல் 1ஆம் தேதி இதே காவல் நிலையத்தில், மார்வின் எக்லண்ட் வீட்டுத் தொட்டியின் குழாய்களில் குறை எதுவும் இல்லை என்று வாக்குமூலம் கொடுத்தேன். அது பொய்.

மேற்படி மார்வின் பள்ளிப் பேருந்து ஓட்டுநர், மூன்றாம் மாடியில் குடியிருப்பவர். அவருக்கு நேர் கீழே லொரெய்ன் பெக்கர் என்ற நர்ஸ் இருக்கிறார். இரவு ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்குபவர். தொட்டித் தண்ணீர் கொடகொடவென்று இறங்கும் சத்தம் பற்றி அவர் குடியிருப்புச் சங்கத்துக்கு மூன்று கடிதம் எழுதியிருந்தார். பிப்ரவரியில் ஒரு நாள் மாடிப்படியில் மார்வின் அவரிடம், "இன்னொரு லெட்டர் போடுங்க, தொட்டியோட உங்க தலையில கவுத்துடறேன்" என்று சொன்னதை இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். மார்வின் வாய் அப்படி. மீன்களையும் அப்படித்தான் திட்டுவார். அதன் பிறகு அவரே என்னிடம் வந்து, "அந்தம்மா தூங்கணும், எனக்கு மீனும் வேணும். ஏதாவது பண்ணு ரஸ்ஸல்" என்றார்.

மார்ச் 9ஆம் தேதி ஞாயிறு காலை நான் போய்க் குழாய்களை மாற்றினேன். மேல்தொட்டியிலிருந்து கீழ்த்தொட்டிக்கு இரண்டு குழாய்கள் இறங்கும், பம்ப் தண்ணீரை மறுபடி மேலே ஏற்றும். முதல் குழாயில் காற்றே இல்லாமல் தண்ணீர் நிறைந்து ஓட வேண்டும், அப்போதுதான் சத்தம் வராது. அதை வால்வு திருகிச் சரிசெய்ய வேண்டும். இரண்டாவது குழாய் எப்போதும் காய்ந்தே இருக்கும். முதல் குழாய் அடைத்தால் தண்ணீர் அதில் இறங்கும். அதன் வாய் கீழ்த்தொட்டித் தண்ணீருக்கு மேலே நிற்க வேண்டும் என்பது எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் தெரிந்த விதி. காற்று வெளியேறவும் அதுதான் வழி, சத்தம் போட்டு வீட்டுக்காரரை எச்சரிப்பதும் அதுதான்.

லொரெய்ன் ஷிப்ட் முடிந்து வந்து, தன் படுக்கையறையில் நின்று போனில் கேட்டுக்கொண்டிருந்தார். நான் வால்வைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருகித் திருகிக் "கேக்குதா?" என்றேன். "கேக்குது" என்றார். நாற்பது நிமிடம் இப்படிப் போனது. அதன் பிறகு அவர், "லைன்ல இருக்கீங்களா, வீட்டுக்குப் போயிட்டீங்களா? ஒண்ணுமே கேக்கலையே" என்றார். மார்வின் தரையில் உட்கார்ந்து சிரித்தார்.

அதன் பிறகு பம்பை நிறுத்தி ஓட்டிப் பார்த்தேன். மூன்று முறை அப்படிப் பார்த்துவிட்டுத்தான் வீட்டை விட்டுக் கிளம்புவது எங்கள் சங்கத்தின் வழக்கம். இரண்டு முறை பார்த்தேன். ஒவ்வொரு முறையும், முதல் குழாய் நிறையும் வரை இரண்டாவது குழாய் ஒரு நிமிடம் சளசளவென்று கொட்டியது. "எப்பவாவது கரண்ட் போனாத்தானே? அது பரவாயில்லைங்க, நான் படுக்கிறேன்" என்று லொரெய்ன் போனை வைத்தார். அவருக்குப் பரவாயில்லை. எனக்குத்தான் அந்த ஒரு நிமிடம் பொறுக்கவில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போதே இரண்டு குழாய்களின் வாயிலும் ஒவ்வொரு குழாய்த் துண்டைச் செருகி, அரை அடி ஆழத்துக்குக் கீழ்த்தொட்டித் தண்ணீருக்குள் இறக்கினேன். மார்வின், "மூணாவது தடவையும் நிறுத்திப் பாத்துடலாமே" என்றார். "அந்தம்மா இப்பத்தான் கண்ணசந்திருப்பாங்க, விடு. நான் போட்ட குழாய்" என்றேன். இதை நான்தான் சொன்னேன்.

மார்ச் 31 காலை 10.40க்குக் கட்டட மின்பணியாளர் பத்து நிமிடம் மின்சாரத்தை நிறுத்தினார். மார்வின் அப்போது வேலைக்குக் கிளம்பிப் போயிருந்தார். மின்சாரம் வந்ததும் பம்ப் ஓடியிருக்கிறது. இரண்டு குழாய்களிலும் காற்று வெளியேற வழியில்லாமல் சிக்கிக்கொள்ள, ஏறிய நாற்பது கேலன் உப்புத் தண்ணீரும் தொட்டியின் விளிம்பு தாண்டித் தரையில் கொட்டியிருக்கிறது. தூங்கிக்கொண்டிருந்த லொரெய்ன் மேல் கூரைப்பலகை விழுந்து, தோள்பட்டை எலும்பு முறிந்தது.

செய்தி கேட்டு வேலையிலிருந்து வீட்டுக்கு ஓடிவந்த மார்வின் போன் செய்து நான் போனபோது, அவர் ஆம்புலன்சுக்குப் பின்னாலேயே ஓடியிருந்தார். கதவு திறந்து கிடந்தது, வீட்டில் யாரும் இல்லை. குழாயைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. இரண்டு துண்டுகளையும் உருவிக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டேன். சங்கத்தில் என்ன சொல்வார்கள் என்பதுதான் அந்த நேரத்தில் என் மனதில் இருந்தது, லொரெய்ன் இல்லை. வெட்கமாக இருக்கிறது. அதன் பிறகு உங்கள் ஆட்கள் பம்பை ஓட்டிப் பார்க்க, எல்லாம் ஒழுங்காக ஓடியது. ஆகையால், மாடிப்படியில் அவர் மிரட்டியதையும் வைத்து, மார்வின்தான் வேலைக்குப் போகுமுன் வேண்டுமென்றே வால்வை மூடிவிட்டு, வந்ததும் திறந்துவிட்டார் என்ற முடிவுக்கு வந்தீர்கள். பள்ளிக்கூடத்தில் அவரைப் பேருந்து ஓட்டுவதிலிருந்து நிறுத்திவைத்துவிட்டார்கள். குற்றம் பதிவானால் அவர் இனி ஓட்ட முடியாது. அவர் வால்வைத் தொடவில்லை. தொட அவருக்குத் தெரியவும் தெரியாது. மேற்படி துண்டுகளை இத்துடன் ஒப்படைக்கிறேன்.

இன்று என்னை இங்கே காரில் கூட்டிவந்தது மார்வின். அவர் பக்கம் பேசத்தான் நான் வருகிறேன் என்று நினைத்து, வழியில் இரண்டு முறை நன்றி சொன்னார். வெளியே பெஞ்சில், எனக்கும் ஒரு காபி வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் நீங்கள் சொல்லுமுன் நான் சொல்ல ஐந்து நிமிடம் தர வேண்டும்.

நான் சொன்னபடியே எழுதியிருப்பதை வாசித்துக் காட்டக் கேட்டேன். இந்த முறை எதையும் மறைக்கவில்லை.

(ஒப்பம்) ரஸ்ஸல் ஹால்வர்சன்
ஏப்ரல் 4, காலை 11.20