நேரா நிக்கிற மணிச்செடி

— இது மட்டும் ஏன் அண்ணி நேரா நிக்குது?

— எது?

— இந்த மணிச்செடிதான். மத்த இருபத்திரண்டு படத்துலயும் செடி காத்துக்குச் சாஞ்சுல்ல நிக்கும். இது என்னமோ வாத்தியார் கூப்பிட்ட மாதிரி விறைப்பா...

— நீ கொண்டுவந்த கிளை அப்படித்தான் இருந்துச்சு. இருக்கிறதைத்தானே வரைவேன்.

— லேசா சாய்ச்சு விட்டுடுங்களேன். யாருக்குத் தெரியப் போகுது?

— உங்க அண்ணனும் ஒரு தடவை இப்படித்தான் கேட்டாரு. 'இலையில இருக்கிற பூச்சி ஓட்டையை விட்டுட்டு வரையேன், பார்க்க லட்சணமா இருக்கும்'னு.

— நீங்க என்ன சொன்னீங்க?

— ரெண்டு நாள் பேசல.

— அண்ணன் என்கிட்ட சொன்னதே இல்லையே.

— எப்படிச் சொல்வாரு? அந்த ரெண்டு நாளும் அவருதான் சமையல்.

— பதிப்பகத்துக்காரர் எத்தனை மணிக்கு வராரு?

— நாலு மணிக்கு. அந்த ஜன்னலைத் தொறந்து விடு, தாள் இன்னும் காயல. பாத்து... என் காலைத் தட்டிடாதே. மாவுக்கட்டு பிரிக்க இன்னும் பத்து நாள் இருக்கு.

— புத்தகத்துல முதல் பக்கத்துல போட்டிருக்காங்களே அண்ணி, எல்லாமே ஊருக்கு வெளியில அந்தப் பொட்டல்ல நின்ன செடியைப் பாத்து வரைஞ்சதுன்னு. அதுக்குக் கீழ நீங்க கையெழுத்துப் போடணுமாமே?

— ஆமா. இன்னும் போடல.

— ஏன்?

— உன்னை ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போடலாம்னு.

— என்னை என்ன கேக்கறது? வாரமெல்லாம் மண் தள்ளுற மெஷின் ஓட்டறவன் நான். ஞாயித்துக்கிழமை ஒரு கிளை ஒடிச்சுட்டு வந்து குடுக்கறேன், அவ்வளவுதான்.

— அதைத்தான் கேக்கறேன். உக்காரு. பூதக்கண்ணாடியைப் பிடி. இலைக்கும் இலைக்கும் நடுவுல பாரு.

— பாத்தேன்.

— பொட்டல்ல ஒரு அரிசி அளவு இடம் விட்டிருக்கும். அந்தக் காத்தும் வெயிலும் அதுக்கு மேல வளர விடாது. உன் கிளையில மூணு அரிசி வைக்கலாம், கவராயம் வச்சு அளந்தேன். பூவும் வெளுத்திருக்கு. அங்க இந்த மணி ஒவ்வொண்ணும் கருஞ்சிவப்பா இருக்கும். ஒரு பூச்சிக்கடி கூட இல்ல. வேளாவேளைக்குத் தண்ணி குடிச்சு, சுவர் நிழல்ல சொகுசா வளர்ந்த செடி இது.

— அண்ணி...

— பால்கனியா, மாடியா?

— மாடி. தண்ணித் தொட்டி பக்கத்துல.

— எதுல வச்சிருக்கே?

— பெயிண்ட் வாளியில. அடியில ஓட்டை போட்டிருக்கேன்.

— பரவாயில்லையே.

— கோவமா இருக்கீங்களா?

— முதல்ல நீ சொல்லி முடி.

— பொட்டல் இல்ல அண்ணி. ஒரு மாசம் ஆச்சு. முழுசா வழிச்சு எடுத்துட்டாங்க. ஏதோ கிடங்கு கட்டப் போறாங்களாம். இப்ப அங்க வெறும் மணலும் நாலு கம்பியும்தான்.

— அப்ப போன வாரம், அங்க முள்ளுமஞ்சள் செடி பூத்துருச்சான்னு நான் கேட்டப்ப 'பூத்துக் குலுங்குது அண்ணி'ன்னியே?

— வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன்.

— மழை முடிஞ்சாத்தான் அது பூக்கும். இன்னும் அஞ்சு மாசம் இருக்கு.

— அப்ப அன்னைக்கே மாட்டிக்கிட்டேனா?

— அதுக்கு முன்னாலயே.

— எந்த வாயால சொல்றது? கால் ஒடிஞ்சு படுத்திருக்கீங்க. 'கட்டைப் பிரிச்சதும் முதல்ல பொட்டலுக்குத்தான்'னு வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டிருந்தீங்க. ஒரே ஒரு படம் பாக்கி. அது முடியட்டும்னு...

— யாரு வழிச்சது?

— யாரோ... குத்தகை எடுத்தவங்க. ரெண்டு நாள் வேலை. காகிதத்துல 'வெறும் நிலம், ஒண்ணும் இல்ல'ன்னு போட்டிருந்துச்சாம்.

— ஒண்ணும் இல்லையா? இருபத்திமூணு பூ வரைஞ்சிருக்கேன்.

— தெரியும் அண்ணி. ஒவ்வொண்ணுக்கும் பேர் சொல்லிக் குடுத்திருக்கீங்களே. அந்தப் பேரெல்லாம் தெரியாமலே இருந்திருக்கலாம்.

— ஏன் அப்படிச் சொல்றே?

— சும்மா... விடுங்க. செடியைச் சாய்ச்சுடுங்க அண்ணி. கையெழுத்தைப் போட்டுக் குடுத்துடுங்க. இல்லேன்னா உங்க பேருதான் கெடும்.

— சாய்க்க மாட்டேன். சாஞ்சு நின்னதெல்லாம் போயிடுச்சு. இது பிழைச்சு நிக்குது, பிழைச்ச மாதிரியே இருக்கட்டும். முதல் பக்கத்துல 'எல்லாமே'ங்கிறதை 'இருபத்திரண்டு'ன்னு மாத்தச் சொல்லிட்டுக் கையெழுத்துப் போடறேன். படத்துக்கு அடியில பென்சில்ல எழுதியிருக்கேன், படி.

— 'பொட்டலில் இருந்து எடுத்து, வீட்டில் வளர்த்தது. எடுத்தவர்...' அதுக்கப்புறம் காலியா இருக்கே?

— உன் பேருக்குத்தான் இடம் விட்டிருக்கேன்.

— வேணாம்.

— ஏன்?

— வேணாம் அண்ணி. அந்தச் செடிக்குப் பக்கத்துல என் பேரு வரக்கூடாது. நான் உங்ககிட்ட சொல்லாத ஒண்ணு இருக்கு. சொன்னா இந்த வீட்டு வாசப்படி மிதிக்க விடமாட்டீங்க.

— நானும் சொல்லாத ஒண்ணு இருக்கு தம்பி. 'உங்க கொழுந்தன்தான் பொட்டலை வழிக்கிறான்'னு அன்னைக்கு ஒருத்தர் போன் பண்ணினாரு. கட்டுப் போட்ட காலோட வாடகை கார் பிடிச்சு வந்தேன், உன்னை நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேக்கணும்னு. ரோட்டோரமா நிறுத்திக் கண்ணாடியை இறக்கினேன். பாதிக்கு மேல வழிச்சிருந்தே. திடீர்னு மெஷினை நிறுத்திட்டு இறங்கினே. டப்பாவில இருந்த சாப்பாட்டைக் கீழ கொட்டிட்டு, ரெண்டு கையாலயும் மண்ணோட இதைத் தோண்டி உள்ள வச்சே. அப்புறம் ரொம்ப நேரம் தலையைக் குனிஞ்சு அங்கேயே உக்காந்திருந்தே. காரைத் திருப்பச் சொல்லிட்டேன். நீயா சொல்லுவேன்னு நாலு ஞாயித்துக்கிழமையா காத்துட்டிருக்கேன்... இந்தா, பென்சில். உன் பேரை நீயே எழுது.