கலர் மெஷினின் முதுகைப் பார்த்த பஷீர் அகமது பாய்க்கு

கரி படிந்த கைக்குட்டையைக் கொடியாய்க் கொண்ட கோமானே! திருப்புளியே செங்கோலாய்த் திகழ, திண்டிவனம் வரையுள்ள நகல் மெஷின்களையெல்லாம் நலமுற ஆண்ட நாயகரே! செஞ்சி ராஜாங்கம் நகலகத்தின் செல்வமே! இன்று ஓய்வுபெறும் பஷீர் அகமது பாய் அவர்களே! தாங்கள் நாற்காலியில் நெளிவது தெரிகிறது; அடைமொழிகள் இத்துடன் தீர்ந்தன.

எந்தக் கம்பெனி மெஷினையும் தாங்கள் வாயாரப் புகழ்ந்ததில்லை. வருடம் முழுக்கப் பழுதின்றி ஓடினாலும் "தேவலாம்" என்பதோடு சரி.

அவையோரே, சென்ற ஆண்டு நடந்ததைக் கேளுங்கள். முதலாளி ராஜாங்கம் அவர்கள் இம்மடலைப் படிக்காமலே அனுமதி தந்ததால் துணிந்து சொல்கிறோம். 'தென்னாற்காட்டிலேயே முதல் கலர் ஜெராக்ஸ்' என்று மெஷின் வருமுன்பே அவர் போர்டு மாட்டிவிட்டார். கூடவே அதை ஓட்ட மெட்ராஸிலிருந்து ஓர் ஆளும் வருவான், இத்தனை காலம் நகலெடுத்த மீனம்பாள் இனி பைண்டிங் ஒட்டட்டும் என்றும் தீர்ப்பாயிற்று. மீனம்பாளோ துடைத்த மெஷினையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார். அதைக் கண்ட பாய், "மெஷின் பாக்க இந்தப் பொண்ணும் வரட்டும்" என்றார்.

மெட்ராஸ் கண்காட்சியில் முதல் கம்பெனி எடுத்த நகல் பட்டுப்புடவையாய் மின்னியது. முதலாளி கைதட்டினார். பாய் மெஷினின் முதுகுப்பக்கம் போய்க் குனிந்தார். எல்லாக் கதவுக்கும் பூட்டு.

"பேப்பர் மாட்டிக்கினா யாருப்பா எடுக்கறது?"

"எங்க இன்ஜினீயர் வருவார் சார்" என்றார் விற்பனையாளர்.

"அமாவாசை அன்னிக்கி மாட்டிக்கினா? மேல்மலையனூர் கோயில் கூட்டத்துல உங்க இன்ஜினீயர் பஸ் கூரை மேல குந்திக்கினு வருவாரா?"

அடுத்த கம்பெனியின் சிவப்பு, கேழ்வரகுக் களியின் நிறம். ஆனால் கதவுகளில் பூட்டில்லை, கைப்பிடிகள் இருந்தன. பாய் வேண்டுமென்றே ஒரு தாளைக் கசக்கி உள்ளே விட்டார். மெஷின் நின்றது.

"எம்மா மீனம்பா, நீ தொற."

"ஐயோ பாய், ஒடைஞ்சிட்டா?"

"ஒடைஞ்சா வாங்க மாட்டோம். தொற."

திறந்தார். தாளை உருவினார். மூடினார். மெஷின் ஓடியது.

"கலரு இன்னா பாய், சாயம் போன மாதிரி இருக்குது?" என்றார் முதலாளி.

"கலரு நாலு நாள்ல கண்ணுக்குப் பழகிடும் மொதலாளி. பூட்டுன கதவு பழகாது. இத வாங்குங்க, ஆளு நம்மகிட்டயே இருக்குது."

மெட்ராஸ் ஆள் வரவில்லை. மீனம்பாள் தம் இடத்தை விட்டு அசையவில்லை.

பாய் அவர்களே! இம்மடலும் அந்த மெஷினில் எடுத்த நகல்தான். மேலே அச்சான தங்கள் திருமுகம் சற்று நீலம் பாரித்திருக்கிறது, பொறுத்தருள்க. எடுக்கும்போது பேப்பர் இருமுறை சிக்கியது. தாங்கள் எதிர் டீக்கடையில்தான் இருந்தீர்கள். மீனம்பாள் கூப்பிடவில்லை.

தங்கள் துணைவியார் தாஹிரா அம்மையாருடன் நோய்நொடியின்றி நெடுங்காலம் வாழ்க! இனிப் பழுதென்று அழைக்க மாட்டோம். டீ குடிக்க அழைப்போம், மறுக்காமல் வாருங்கள். தங்கள் வாயில் வந்த ஆகப்பெரிய பாராட்டை இன்று தங்களுக்கே சூட்டுகிறோம்:

பாய், நீங்க தேவலாம்.

அன்பில் குறையாத,
மீனம்பாள், பச்சைமுத்து மற்றும் நகலகப் பணியாளர்கள்
செஞ்சி, 1989