சத்தம் போடும் பம்பு

— சுத்தம். ஊர் உலகமே சத்தமில்லாத பம்பைத் தேடி அலையுது. எங்க மாப்ளைக்கு மட்டும் சத்தம் போடற பம்பு வேணுமாம். கேட்டீங்களா கடைக்காரரே?

— கேட்டேன் சார். இத்தனை வருஷமா வளர்ப்பு மீன் கடை வச்சிருக்கேன், இப்படி ஒருத்தரும் கேட்டதில்ல.

— அது வந்து மச்சான்... கொஞ்சம் சத்தம் இருந்தா, பம்பு ஓடுதா நின்னுடுச்சான்னு தெரியும்ல. அதுக்குத்தான்.

— தண்ணி ஆடறதைப் பாத்தா தெரியாதா? கண்ணு எதுக்கு இருக்கு? என் தங்கச்சியை இவருக்குக் குடுக்கறப்பவே எங்கப்பாகிட்ட சொன்னேன், பையன் நல்லவன்தான், கடைக்கு மட்டும் தனியா அனுப்பாதீங்கன்னு. கடைக்காரரே, நீங்க என்னைப் பாத்துப் பேசுங்க. நூறு லிட்டர் தொட்டி. மணிக்கு நாலு தடவையாவது மொத்தத் தண்ணியும் பம்பு வழியாப் போய் வரணும். நானூறு லிட்டர் தள்ளறது போதும். சரிதானே?

— சரிதான் சார். தொட்டில என்ன மீன் வச்சிருக்கீங்க?

— இவர் வாங்கின மீனு. பேரு இவருக்கே தெரியாது. ஆரஞ்சா இருக்கும்.

— கோல்டு ஃபிஷ் மச்சான்.

— பேசிட்டார்.

— கோல்டு ஃபிஷ்னா அழுக்கு ஜாஸ்தி சார். ஃபில்டரோட வர்ற பம்பா எடுத்துக்கோங்க. இது முழுசாத் தண்ணிக்குள்ளயே கிடக்கும். பக்கெட்ல போட்டு ஓட விட்டிருக்கேன், காதைக் குடுத்துக் கேளுங்க. ஏதாவது வருதா?

— இல்லைங்க. நல்லாதான் இருக்கு. அந்தக் கீழ்த்தட்டுல ஒண்ணு கிடக்கே, அது என்னது?

— அதை விடுங்க சார். வாங்கிட்டுப் போனவர் மறுநாளே என் மூஞ்சில எறியாத குறையாத் திருப்பிக் குடுத்தார். உள்ள சுத்தற ரோட்டர் சரியில்ல. மாவு மில்லு மாதிரி கத்தும்.

— அதை ஓட்டிக் காட்டுங்களேன்.

— சுத்தம். அடுத்தவன் வேண்டாம்னு கழிச்சுப் போட்டதுன்னா இவருக்கு உடனே கை நீளும். அந்தத் தொட்டி எங்க இருக்கு தெரியுமா கடைக்காரரே? என் தலைமாட்டுல. ஹால் சோபாவுலதான் நான் படுக்கறேன். மழைக்கு முன்னாடி வந்தவன். ரெண்டு நாள்ல கிளம்பலாம்னுதான் வந்தேன். வந்து பாத்தா ரெண்டு பேருக்கும் ஒரு எழவும் தெரியல. விட்டுட்டுப் போக மனசு வரல.

— அதனாலதான் மச்சான் சொல்றேன், உங்களுக்குத் தொந்தரவா இருக்குமான்னு பாத்துடலாம். நம்ம வீட்ல ஹாலுக்கும் பெட்ரூமுக்கும் நடுவுல பலகைத் தடுப்புதானே. இங்கயும் பின்னாடி அதே மாதிரி பலகை அடிச்சிருக்கு. நீங்க அந்தப் பக்கம் போய் நில்லுங்க. நான் இங்க பேசறேன். என் பேச்சு கேக்கலன்னா பம்பு சத்தம் ஜாஸ்தின்னு அர்த்தம், வேண்டாம்னு வச்சிடலாம்.

— கல்யாணம் ஆனதுல இருந்து உருப்படியா இன்னிக்குத்தான் ஒண்ணு பேசியிருக்கார். எங்க, இந்தக் கதவா?

— ஆமா சார். உள்ள மீன் தீனி மூட்டை அடுக்கியிருக்கேன், காலைப் பாத்து வைங்க.

— மச்சான், இப்ப சத்தமில்லாதது ஓடுது. ஏங்க, தொட்டிக்கு அடியில என்ன போடலாம்? மணலா, கூழாங்கல்லா?

— கூழாங்கல்லு. மணலைப் போட்டா பம்பு உறிஞ்சுக்கும். இதுகூடத் தெரியாம மீன் வளக்க வந்துட்டார்.

— நீங்க என்னைத்தானே சார் கேட்டீங்க?

— உங்களைத்தான் கேட்டேன். பதில் அங்கேருந்துதான் வரும். அந்த இன்னொண்ணைப் போடுங்க.

— போட்டாச்சு. காது அடைக்குது பாத்தீங்களா?

— மச்சான், கேக்குதா? மச்சான்? ஆளு மூச்சு விடல. இதையே கட்டிக் குடுங்க.

— சார், உங்க நல்லதுக்குச் சொல்றேன், இது வேண்டாம்.

— என் நல்லதுக்குத்தாங்க வாங்கறேன். அந்த மனுஷனுக்கு வாய் எவ்வளவு நீளமோ காதும் அவ்வளவு நீளம். ராத்திரி நானும் என் வீட்டுக்காரியும் ரெண்டு வார்த்தை பேசினா, பலகைக்கு அந்தப் பக்கத்துல இருந்து பதில் வருது. வேற வேலைக்கு மாறலாமான்னு அவளைக் கேட்டேன். இருக்கறதையே ஒழுங்காப் பாக்கத் தெரியலன்னு இவர் சொல்றார். அவ தலைவலின்னா, தைலம் எந்த டப்பாவுல இருக்குன்னு இவர் சொல்றார். தின்ன தட்டைக் கழுவினதில்ல, எனக்குக் குடும்பம் நடத்தக் கத்துக் குடுக்கறார். தண்டம்.

— கிளம்புங்கன்னு சொல்ல வேண்டியதுதானே?

— அதுக்கும் நானும் அவளும் முதல்ல பேசியாகணுமே. எங்க பேசறது? வெளியில போலாம்னா இவரும் செருப்பை மாட்டிக்கிட்டு வந்துடறார். ஒரு வாரமா அவ எங்கிட்ட என்னமோ சொல்ல வாயெடுக்கறா. பலகையைப் பாக்கறா, முழுங்கிடறா. காலைல என்னை பாத்ரூமுக்குள்ள இழுத்துட்டுப் போயி, குழாயைத் திறந்து விட்டு, நிம்மதியாப் பேச ஒரு வழி பண்ணு, இல்லன்னா அக்கா வீட்டுக்குப் போயிடறேன்னு அழுதா. சரி, சொல்ல வந்ததை இங்கயே சொல்லிடேன்னேன். இதைப் போய்க் குழாயடியில நின்னு சொல்ல மாட்டேன்னுட்டா. அந்தக் குழாய்ச் சத்தத்துலதான் எனக்கு இந்த யோசனையே வந்துச்சு.

— அடப் பாவமே. எடுத்துட்டுப் போங்க சார். திருப்பிக் குடுக்க மட்டும் வந்துடாதீங்க.

— வர மாட்டேன். இன்னிக்கு ராத்திரி அவ என்ன சொன்னாலும் அதை நான் ஒருத்தன்தான் கேக்கணும். அது போதும் எனக்கு. சரி, நிறுத்துங்க. மச்சான், வெளியில வாங்க. ஏதாவது கேட்டுச்சா?

— ஒண்ணும் கேக்கல மாப்ள. ஆனா சத்தமில்லாததையே எடுங்க. ஒரு வாரமா அவ சொல்ல முடியாம முழுங்கறது, மாசமா இருக்காங்கறதைத்தான்; அக்காகிட்ட போன்ல சொல்லிட்டிருந்தா. பிள்ளைத்தாய்ச்சி தூங்க வேண்டாமா?